60 சதவீதம் கூடுதல் சம்பளம், மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால்: போகலாமா?

நடைவண்டி கேட்டது:

வணக்கம். 11 வருடமாக பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் மென்பொருள்) வேலை பார்க்கிறேன். பெரும்பகுதி பணப் பரிமாற்ற மென்பொருள். ஒரே தொகை இரண்டு முறை கழிந்துவிடாமல் பார்ப்பது, பாதியில் நின்ற பரிவர்த்தனையை மறுபடி எடுத்து ஓட்டுவது, இரவில் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது. இந்த வேலை எனக்கு மனதுக்குப் பிடித்த வேலை. ஒரு முடிவு எடுக்க முடியாமல் பத்து நாளாகத் தூக்கம் கெட்டிருக்கிறேன், அதனால் முழுவதும் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருப்பது நடுத்தர அளவுள்ள கம்பெனி, இது ஐந்தாவது வருடம். வாரம் 40 மணிநேரம் என்றால் 40 தான். ரிலீஸ் வாரத்தில் 43, 44 ஆகும். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணிநேரம் மெஷினில். போக வர, முடிந்தபின் தலைசுற்றல் நிற்கும் வரை படுத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஆறு மணிநேரம். செவ்வாயும் வியாழனும் மதியம் 1 மணிக்குக் கிளம்பி, லேப்டாப்போடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோட் ரிவ்யூ பார்ப்பேன். ஊசி போட்ட கையை அவர் அசைக்க முடியாது, அதனால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவது, போர்வையை இழுத்துவிடுவது எல்லாம் இடையிடையே. இதை முதன்முதலில் மேனேஜரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அந்த நேரத்தை காலண்டரில் அடைத்துவிடட்டுமா?" இன்றுவரை அந்த இடத்தில் யாரும் மீட்டிங் போட்டதில்லை.

இப்போது ஒரு ஆஃபர் வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளமே 60 சதவீதம் அதிகம். பங்குகளும் தருகிறார்கள், நாலு வருடத்தில் பிரித்துப் பிரித்துக் கைக்கு வரும். முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. வேலையும் நல்ல வேலை. நான் இப்போது கையாளுவதைவிட பல மடங்கு பெரிய அளவில் பரிவர்த்தனைகள் ஓடும் அமைப்பு.

இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால், அதாவது கோளாறு என்று அலர்ட் வந்தால் எந்த நேரமானாலும் எழுந்து பார்க்கும் முறை. இரண்டு, அணியில் பாதிப் பேர் வேறு நேர மண்டலத்தில் இருப்பதால் வாரத்தில் நாலு நாள் இரவு 9 முதல் 11 வரை மீட்டிங். காலை 9.30-க்கு ஸ்டாண்ட்-அப் என்ற தினசரிக் குழுக் கூட்டம் தனி. நேர்காணலில் வந்த ஒருவரிடம் வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "50, 55 ஆகும், ஆனால் பழகிவிடும்" என்றார்.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். முடியவில்லை. வீட்டுக் கடன் இன்னும் 13 வருடம் இருக்கிறது. கூடுதலாக வருவதை அப்படியே அசலில் கட்டினால் ஆறு வருடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் தர என் அத்தை முன்வந்திருக்கிறார், பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரியாக அமைந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது. இங்கே கடந்த இரண்டு வருடமும் சம்பள உயர்வு 4 சதவீதம்தான்.

மனைவியிடம் கேட்டேன். "பணத்துக்காகப் போறேன்னு சொல்லிட்டுப் போங்க. எங்களுக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அதிலிருந்துதான் தூக்கம் போனது. மகளுக்கு 6 வயது. இரவு 9 மணி என்பது அவள் தூங்கப் போகும் நேரம்.

இதே மாதிரி நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? ஒரு வருடம் கழித்து அதைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?

---

இரவுப்பறவை பதில்:

நண்பரே, நான் 9 வருடமாக எஸ்ஆர்இ, அதாவது ஓடும் அமைப்புகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். ஆன்-காலில்தான் என் பிழைப்பு, அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் என்று படித்ததும் எனக்குத் தோன்றியது: அப்படியானால் சுழற்சியில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். கூகுள் தன் எஸ்ஆர்இ அணிகளுக்கு வகுத்து வெளியே பகிர்ந்த கணக்கு ஒன்று உண்டு. முதல் ஆள், துணை ஆள் என எப்போதும் இருவர் தயாராக இருக்க வேண்டும், ஒருவருக்கு மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் முறை வரக்கூடாது. அப்படியானால் ஒரே இடத்தில் இருக்கும் அணிக்குக் குறைந்தது 8 பேர் தேவை. 12 மணிநேர முறை ஒன்றில் 2 சம்பவங்களுக்கு (கோளாறுகளுக்கு) மேல் போகக்கூடாது என்பதும் அவர்கள் வைத்த வரம்பு. ஏன் என்றால் ஒரு சம்பவத்தைச் சரிசெய்து, காரணம் கண்டுபிடித்து, என்ன நடந்தது என்ற அறிக்கை (போஸ்ட்மார்ட்டம்) எழுதி, ஓட்டையை அடைக்க சராசரியாக 6 மணிநேரம் பிடிக்கிறது என்று அவர்கள் அனுபவத்தில் பார்த்திருக்கிறார்கள். எல்லாக் கம்பெனியும் கூகுள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8 எங்கே, 3 எங்கே?

உங்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, இதுதான் எனக்குக் கவலை. வாடிக்கையாளர் நேரடியாகத் தொடும் அமைப்புகளில் அலர்ட் வந்தால் 5 நிமிடத்துக்குள் கையில் எடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். பணப் பரிமாற்றம் அந்த ரகம்தான். டயாலிசிஸ் முடிந்து அப்பாவை வண்டியில் உட்கார வைத்து நீங்கள் ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள், அப்போது அலர்ட் அடித்தால்? வண்டியை ஓரம் கட்டி லேப்டாப்பைத் திறப்பீர்களா? மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாயும் வியாழனும் சனியும் இந்தக் கேள்வி வரும்.

இரவு 11-க்கு மீட்டிங் முடிந்து காலை 9.30-க்கு ஸ்டாண்ட்-அப் என்றால் நடுவில் பத்தரை மணிநேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 வேலைநேர நெறிமுறை ஒவ்வொரு 24 மணிநேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணிநேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை விடுங்கள். ஒரு மனித உடம்புக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் போட்ட கோடு அது. ஆன்-கால் இல்லாத வாரத்திலேயே நீங்கள் அதற்குக் கீழே இருப்பீர்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. முன்பு இருந்த ஓர் இடத்தில் நாங்கள் நாலு பேர். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அதிகாலை 2.40-க்கு அலர்ட் அடிக்கும். எழுந்து பழைய லாக் ஃபைல்களை அழித்துவிட்டுப் படுப்பேன். அதைத் தானாக நடக்கும்படி எழுத அரை நாள் போதும். அந்த அரை நாளை யாரும் தரவில்லை, புது வசதிகள்தான் முக்கியம் என்றார்கள். ஐந்து மாதம் அதே அலர்ட். அழைப்பு வராத இரவிலும் 2.40-க்கு முழிப்பு வர ஆரம்பித்த பிறகுதான் அங்கிருந்து விலகினேன்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: கடந்த நாலு வாரத்தில் மொத்தம் எத்தனை அலர்ட், அதில் இரவில் எத்தனை? சுழற்சியில் இன்று பெயரோடு எத்தனை பேர்? இரவில் எழுந்தவர் மறுநாள் காலை தாமதமாக வரலாம் என்பது எழுத்தில் இருக்கிறதா? திரும்பத் திரும்ப வரும் கோளாறை நிரந்தரமாகச் சரிசெய்ய ஸ்பிரிண்டில் (அணி ஓரிரு வாரத்துக்குப் போடும் வேலைத் திட்டத்தில்) நேரம் ஒதுக்குகிறார்களா? ஆஃபர் கையில் இருக்கும்போது கேட்பதில் தவறே இல்லை. நல்ல அணி இந்த எண்களைத் தயாராக வைத்திருக்கும்.

---

கரையோரம் பதில்:

நான் மறுபக்கம் பேசுகிறேன் தம்பி. 41 வயது ஆகிறது, பணத்தைத் தேர்ந்தெடுத்தவன், வருத்தப்படவில்லை.

29 வயதில் எனக்கு இரண்டு கடன் இருந்தது, தங்கை படிப்புச் செலவும் என் தலையில். கடன் இல்லாதவர்கள் "நிம்மதிதான் முக்கியம்" என்று சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். மாதம் பிறந்தால் தவணை நிற்கிற வீட்டில் சாயங்காலம் 5.30-க்கு வந்து உட்கார்ந்தாலும் நிம்மதி வராது. அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நான் போனேன். கடுமையான வேலை. 26 மாதத்தில் இரண்டு கடனும் முடிந்தது. கடைசித் தவணை கட்டிய இரவு பத்து மணிநேரம் ஒரே மூச்சில் தூங்கினேன்.

ஆனால் அது எனக்கு இரண்டாவது முயற்சி. முதலில் இதே மாதிரி ஓர் இடத்தில் சேர்ந்து பத்தாவது மாதம் தாங்க முடியாமல் விலகினேன். பங்குகளில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை, முதல் வருடக் கெடுவுக்கு இரண்டு மாதம் பாக்கி இருந்தது. அங்கே செய்த தப்பு என்ன என்று பிறகு யோசித்தேன். எவ்வளவு நாள் என்று முடிவு செய்யாமல் போனேன். சம்பளம் ஏறியதும் வீட்டு வாடகையையும் ஏற்றிக்கொண்டேன். அதனால் வந்த பணம் கடனுக்குப் போகவில்லை, நானும் களைத்தேன்.

இரண்டாவது தடவை தேதி எழுதி வைத்துக்கொண்டு போனேன். பழைய சம்பளத்தில் குடும்பம், மிச்சம் முழுவதும் கடனுக்கு. பங்குகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நீங்களும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பெரிய இடம் என்றால் நிலையானது என்றும் நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேல் அனுப்பியது, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தது, அமேசான் 18,000-க்கும் மேல். நன்றாக வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று. அன்று எனக்கு அப்பா அம்மா திடமாக இருந்தார்கள், குழந்தை இல்லை. என் இரவுகளை விற்றேன், அவை என்னுடையவை மட்டும்தான். உங்கள் நிலை அப்படியில்லை, அதனால் போங்கள் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

மூன்றாம்படி பதில்:

சுருக்கமாக ஒரு கணக்கு. இப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 40 மணிநேரம், மணிக்கு 2.5. புது இடம் 160. வாரம் 50 மணிநேரம் என்றால் மணிக்கு 3.2, உயர்வு 28 சதவீதம். 55 என்றால் 2.91, உயர்வு 16 சதவீதம். இதில் ஆன்-கால் இரவுகளைச் சேர்க்கவே இல்லை. 60 என்று அவர்கள் சொல்வது மணிக் கணக்கில் 16 ஆகிறது.

55 என்ற எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் அதுதான் எல்லைக்கோடு. வாரம் 35-40 மணிநேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55-ம் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதயத்துக்கு ரத்தம் போதாமல் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

---

தாழம்பூ பதில்:

எல்லோரும் புது வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இப்போதைய வேலையைப் பற்றிக் கேட்கிறேன் சகோதரரே. அங்கே கடைசியாக எப்போது புதிதாக ஒன்று கற்றீர்கள்?

நான் இதே மாதிரி அமைதியான இடத்தில் ஏழு வருடம் இருந்தேன். அருமையான மனிதர்கள், வார இறுதியில் ஒரு மெசேஜ் வராது. ஜாவா நிரல்மொழியின் 2014-இல் வந்த பதிப்பான ஜாவா 8-லேயே 2022 வரை எழுதினோம். கன்டெய்னர் (மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டி எங்கும் ஓட்டும் முறை) பக்கம் போகவில்லை, கோடைச் சோதிக்க டெஸ்ட் எழுதுவது அவரவர் விருப்பம். ஒருநாள் அந்தப் பிரிவையே மூடினார்கள். அப்புறம் ஏழு மாதம் வேலை இல்லை. நேர்காணலில் கேட்பது புரியும், ஆனால் நான் செய்திருக்கிறேன் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அந்த ஏழு மாதத்தில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? சாயங்காலம் சீக்கிரம் வருவது மட்டும் வாழ்க்கைத் தரம் இல்லை. வேலை போனால் இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைக்கும் என்ற தைரியமும் அதில் சேர்த்திதான்.

அதனால், தங்குவது என்று முடிவெடுத்தால் சும்மா தங்காதீர்கள். கையில் ஆஃபர் இருக்கும்போதே உங்கள் மேனேஜரிடம் பேசுங்கள். மிரட்டலாக இல்லாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "எனக்கு இவ்வளவு தருகிறார்கள், எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை, என்ன செய்ய முடியும்?" சம்பளத்தோடு வேலையையும் கேளுங்கள். பழையதை மாற்றி எழுதும் பொறுப்பு, புதிய அமைப்பை வடிவமைக்கும் பொறுப்பு, ஏதாவது ஒன்று. நீங்கள் கேட்காமலே உங்கள் காலண்டரை அடைத்துத் தர முன்வந்தவர் அவர். இதையும் கேட்டுப் பார்க்கலாம்.

புது இடத்திலும் கேளுங்கள். இரவு மீட்டிங் நாலு நாளும் வேண்டுமா, இரண்டு போதுமா? முதல் ஆறு மாதம் ஆன்-கால் இல்லாமல் இருக்கலாமா? ஒத்துக்கொண்டால் லாபம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் மறுக்கும் விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்.

---

நடைவண்டி பதில்:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் இரண்டு பக்கமும் பேசிவிட்டேன்.

இரவுப்பறவை அண்ணா, நீங்கள் கொடுத்த கேள்விகளை அப்படியே கேட்டேன். கடந்த நாலு வாரத்தில் 46 அலர்ட், இரவு 11-லிருந்து காலை 6-க்குள் 19. சுழற்சியில் இன்று இருப்பது இரண்டே பேர். மூன்றாமவர் வேறு அணிக்குப் போய்விட்டார், அந்த இடத்துக்குத்தான் என்னை எடுக்கிறார்கள். மறுநாள் தாமதமாக வருவது "மேனேஜரிடம் சொன்னால் போதும்", எழுத்தில் இல்லை. டயாலிசிஸ் நாட்களைச் சொல்லி அந்த நேரத்தில் மட்டும் வேறொருவர் அலர்ட்டைப் பார்க்க முடியுமா என்றேன். சேர்ந்தபின் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த இருவரையும் நினைத்துப் பார்த்தேன். ஏற்கெனவே வாரம் விட்டு வாரம் இரவில் எழுந்துகொண்டிருக்கிறவர்களிடம் போய் என் செவ்வாய்க்கிழமையையும் பாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

தாழம்பூ அக்கா, உங்கள் பதில்தான் ரொம்ப நேரம் உட்கார வைத்தது. கடைசியாகப் புதிதாகக் கற்றது எப்போது என்று யோசித்தால் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. மேனேஜரிடம் நீங்கள் சொன்ன மாதிரியே பேசினேன். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார். 18 சதவீத உயர்வு வாங்கிக் கொடுத்திருக்கிறார். கணக்கு ஒத்துப்பார்க்கும் அமைப்பு இரவில் ஒரே மூட்டையாக ஓடுகிறது. அதை, பரிவர்த்தனை நடக்க நடக்கவே சரிபார்க்கும்படி மாற்றி எழுதும் பொறுப்பும் எனக்கு, கூட இரண்டு பேர். மூன்று வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த யோசனை அது.

அதனால் புது இடத்துக்கு வரவில்லை என்று நேற்று எழுதிவிட்டேன். 18 என்பது 60 இல்லை, அது உறுத்தத்தான் செய்கிறது. கடன் ஆறு வருடத்தில் முடியாது. மூன்றாம்படி சொன்ன மணிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இங்கே 40 மணிநேரத்துக்கு 118, அதாவது மணிக்கு 2.95. அந்த இடத்தில் 55 மணிநேரம் உழைத்தால் கிடைப்பதைவிட ஒரு துளி அதிகம். ஆனால் தவணை கேட்பவர் மாத மொத்தத்தைத்தான் கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும், கரையோரம் அண்ணா.

மனைவியிடம் சொன்னபோது ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அத்தையின் பரிசோதனை முடிவு வந்த பிறகு செலவை உட்கார்ந்து எழுதலாம் என்றாள்.

மாற்று அறுவை சிகிச்சை நடந்து, அப்பா மெஷினிலிருந்து விடுபட்டு, ஒரு வருடம் நன்றாக இருந்துவிட்டால் என் செவ்வாயும் வியாழனும் எனக்குத் திரும்பக் கிடைக்கும். அன்று இதே ஆஃபர் வந்தால் என் பதில் வேறாக இருக்கலாம். அப்போது கேட்க இந்தக் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.

இரவுப்பறவை அண்ணா, ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. புது அமைப்பு வந்தால் எங்கள் அணிக்கும் ஆன்-கால் வரும். நாங்கள் மொத்தம் ஐந்து பேர். எந்த அலர்ட்டுக்கு ஆளை எழுப்பலாம், எது காலை வரை காத்திருக்கலாம் என்று முதல் நாளிலேயே பிரித்து வைக்க நினைக்கிறேன். நீங்கள் எந்த அளவுகோலை வைத்துப் பிரிப்பீர்கள்?

---

இரவுப்பறவை பதில்:

வாடிக்கையாளர் பணம் தவறாக நகர்கிறதா, அல்லது நகரவே முடியாமல் நிற்கிறதா? இந்த இரண்டுக்கு மட்டும் ஆளை எழுப்புங்கள். மற்றது எல்லாம் டிக்கெட்டாக வேலைப் பட்டியலில் பதிந்தால் போதும், காலையில் பார்க்கலாம். அலர்ட் ஒவ்வொன்றுக்கும் அடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ரன்புக்கில் (செய்முறைக் குறிப்பேட்டில்) எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த அலர்ட்டே வேண்டாம். ஐந்து பேருக்கு இரவுத் துணை ஆள் வைக்க முடியாது, அதனால் மேனேஜரையும் இரண்டாவது எண்ணாகப் போடுங்கள். அவர் தூக்கமும் கெட்டால் சரிசெய்யும் வேலைக்கு ஸ்பிரிண்டில் இடம் தானாகக் கிடைக்கும். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.